படம் மங்கலாக வந்துவிட்டதா? லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

நல்ல தருணம், நல்ல வெளிச்சம், எல்லாம் கூடி வந்து எடுத்த படம் அது. கேமராவின் பின்திரையில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. கணினியில் திறந்து பெரிதாக்கினால் கண் இமை ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை, முகம் முழுக்க மெழுகு பூசினாற்போல் இருக்கிறது. படம் எடுக்கிற எல்லோருக்கும் இந்த ஏமாற்றம் தெரியும். அதற்கடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: கேமராவோடு வந்த லென்ஸில் இவ்வளவுதான் வரும் என்று முடிவு கட்டிவிட்டு, விலை கூடிய லென்ஸைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் ஒரு லென்ஸை மாற்றினேன். புதியதிலும் அதே மங்கல் தொடர்ந்தபோதுதான் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எடுத்தபோது என்ன ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), என்ன அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு) என்று பார்க்கத் தொடங்கினேன். பாதிக்கு மேல் 1/40, 1/60 நொடியில் எடுத்தவை, அதுவும் ஓரிடத்தில் நிற்காத குழந்தைகளை. பழைய லென்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

மங்கல் என்பது ஒரே கோளாறு இல்லை. கை ஆடினால் ஒரு மாதிரி மங்கும், ஆள் அசைந்தால் ஒரு மாதிரி, ஃபோகஸ் தவறினால் வேறு மாதிரி, கண்ணாடியில் விரல்ரேகை படிந்திருந்தால் இன்னொரு மாதிரி. ஒவ்வொரு காரணமும் படத்தில் தன் தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. அதைப் படிக்காமல் செட்டிங்கை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வோம். கை ஆடியதால்தான் மங்கியது என்று நினைத்து, ஷட்டரை வேகமாக்குவதற்காக அப்பர்ச்சரை எஃப்/1.8க்குத் (எண் சிறிதானால் துவாரம் பெரிது) திறக்கிறீர்கள் என்று வையுங்கள். உண்மையான காரணம் ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதில் விழுந்தது என்றால், அப்பர்ச்சரைத் திறந்ததில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், ஏனென்றால் துவாரம் பெரிதானால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும், ஃபோகஸ் தவறுவதற்கு இருந்த கொஞ்ச இடத்தையும் நீங்களே குறைத்துவிட்டீர்கள்.

முதலில் சரியாகப் பாருங்கள்

கேமராவின் பின்திரை சின்னது, அதில் முழுப்படமாகப் பார்த்தால் எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும். எடுத்தவுடன் ப்ளேபேக்கில் பெரிதாக்கி, எங்கே ஃபோகஸ் வைத்தீர்களோ அந்த இடத்தைப் பார்க்கப் பழகுங்கள். பல கேமராக்களில் ஒரு பட்டனை அழுத்தினால் நேராக ஃபோகஸ் புள்ளிக்கே 100 சதவீதம் பெரிதாகும்படி அமைத்துக்கொள்ளலாம், அந்த வசதி உங்கள் கேமராவில் இருந்தால் இன்றைக்கே அமைத்துவிடுங்கள். இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தால் மறுபடி எடுக்கலாம், கணினியில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கணினியிலும் 100 சதவீதத்தில்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும், 200, 300 என்று போனால் எந்தப் படமும் மங்கலாகத்தான் இருக்கும். வாட்ஸப்பில் வந்த பிரதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, அழுத்தி அனுப்புகிறது, நுணுக்கமெல்லாம் அங்கேயே போய்விடும். அசலை அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள்.

சரி, படம் 100 சதவீதத்தில் திறந்திருக்கிறது, மங்கலாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரே ஒரு கேள்வி: இந்தப் படத்தில் எங்காவது, ஏதாவது ஒரு மூலையிலாவது, ஷார்ப்பாக இருக்கிறதா?

எங்குமே இல்லை, எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது, சின்ன விளக்குப் புள்ளிகூடச் சிறு கோடாகத் தெரிகிறது என்றால் கேமரா ஆடியிருக்கிறது. பின்னணிச் சுவர் தெளிவாக இருக்கிறது, ஆளின் கை மட்டும் இழுபட்டிருக்கிறது என்றால் ஆள் அசைந்திருக்கிறார். இழுபட்ட தடம் எதுவும் இல்லை, ஆனால் முகத்துக்குப் பதில் பின்னால் இருக்கும் செடி பளிச்சென்று இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறிவிட்டது. எல்லாமே மென்மையாக, பனிமூட்டம் போல, விளக்கைச் சுற்றி ஒளிவட்டத்தோடு இருந்தால் கண்ணாடியில் ஏதோ இருக்கிறது. நுணுக்கம் மட்டும் அழிந்து, தலைமுடியும் புல்லும் தூரிகையால் தீட்டியது போல ஆகியிருந்தால் அது நாய்ஸைக் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பைக்) குறைக்கும் மென்பொருளின் வேலை. இவ்வளவுதான் நோய்க்குறிகள். இனி ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கேமரா ஆடினால்

ஃபிலிம் காலத்திலிருந்து வருகிற ஒரு கணக்கு இருக்கிறது. லென்ஸின் ஃபோக்கல் லெங்த் (லென்ஸில் மி.மீயில் எழுதியிருக்கும் எண்) எவ்வளவோ, அதை ஒன்றுக்குக் கீழே போட்டு, குறைந்தபட்சம் அந்த ஷட்டர் ஸ்பீடு வேண்டும். 50 மி.மீ லென்ஸ் என்றால் 1/50, 200 மி.மீ என்றால் 1/200. இது 35 மி.மீ ஃபிலிமுக்கான கணக்கு என்பதால் சென்சார் (ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் பகுதி) அதைவிடச் சிறிதாக இருந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: நிக்கான், சோனி, ஃபியூஜியின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5ஆல், கேனன் ஏபிஎஸ்-சியில் 1.6ஆல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2ஆல். அப்படியென்றால் ஏபிஎஸ்-சியில் 200 மி.மீ லென்ஸுக்கு 1/300, கேமராவில் இருக்கும் பக்கத்து அளவு 1/320.

இந்தக் கணக்கை நான் தரையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், கூரையாக இல்லை. அந்தக் காலத்தில் சின்னப் பிரின்ட் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கு 45 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் பார்க்கிறவருக்கு அதைவிட இரண்டு மடங்கு வேகம் இருந்தால்தான் நிம்மதி.

லென்ஸிலோ கேமராவுக்குள்ளேயோ இருக்கும் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) இங்கே பெரிய உதவி. எஸ்எல்ஆர் கேமராவுக்கான இந்த வகை லென்ஸை முதலில் கொண்டுவந்தது கேனன், 1995இல், ஒரு 75-300 மி.மீ ஜூமில். இன்றைய கேமராக்களில் ஐந்து ஸ்டாப் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1/200 தேவைப்படும் இடத்தில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் 1/100, 1/50, 1/25, 1/12, கடைசியில் 1/6 நொடி. காகிதத்தில் அப்படித்தான், கையில் ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்தே நம்புங்கள். இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் நடுக்கத்தை மட்டும்தான் அடக்கும், எதிரே ஓடுகிற பிள்ளையை அது நிறுத்தி வைக்காது.

பிடிக்கும் முறையும் முக்கியம். இடது கை லென்ஸுக்கு அடியில் ஏந்தினாற்போல் இருக்க வேண்டும், பக்கவாட்டில் பிடிக்கக் கூடாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வியூஃபைண்டர் இருந்தால் கண்ணோடு அழுத்திப் பிடியுங்கள், நெற்றி மூன்றாவது தாங்கலாக இருக்கும். பட்டனைக் குத்தாமல் விரலை மெதுவாக உருட்டி அழுத்துங்கள். சுவர், தூண், கதவு நிலை எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளுங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது நான்கைந்து படங்களைத் தொடர்ச்சியாகச் சுடுங்கள், ஏனென்றால் முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வும் கடைசிப் படத்தில் விரல் எடுத்த அதிர்வும் சேர்ந்திருக்கும், நடுவில் ஒன்று தப்பித்து ஷார்ப்பாக வந்திருக்கும்.

ட்ரைபாடில் வைத்தும் மங்கினால் பெரும்பாலும் நடுக்கம்பம் முழுக்க உயர்த்தப்பட்டிருக்கும், அல்லது கையால் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். கம்பத்தை இறக்குங்கள், 2 நொடி டைமர் வையுங்கள், காற்றில் ஆடும் கேமரா வாரைச் சுருட்டி வையுங்கள். பழைய ஸ்டெபிலைசேஷன் லென்ஸ்கள் சில ட்ரைபாடில் இருக்கும்போது இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாங்களே ஆடும், அதனால் அங்கே அதை அணைத்துவிடுவது நல்லது.

எதிரே இருப்பவர் அசைந்தால்

புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகேர் 1838இல் பாரிஸில் ஒரு தெருவைப் படம் எடுத்தார். பூல்வார் து தாம்பிள், ஆள் நடமாட்டம் நிறைந்த சாலை. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. எக்ஸ்போஷர் பல நிமிடங்கள் நீண்டதால் நடந்துபோனவர்கள், வண்டிகள் எதுவும் பதியவே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் தெரிகிறார், பாதத்தைத் தூக்கி வைத்துக் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தவர். மனிதர் பதிந்த முதல் புகைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள். நின்றவர் பதிந்தார், நகர்ந்தவர்கள் மறைந்துபோனார்கள். நம் கேமராவில் 1/60 நொடியிலும் அதேதான் சின்ன அளவில் நடக்கிறது.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது. உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/125, நடக்கிறவர்களுக்கு 1/250, ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/500, விளையாட்டுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 அல்லது அதற்கும் மேல். இவை கல்லில் செதுக்கிய எண்கள் இல்லை. பக்கவாட்டில் குறுக்கே போகிறவருக்கு அதிக வேகம் தேவை, உங்களை நோக்கி வருகிறவருக்குக் குறைவாகப் போதும். அருகில் இருந்தால் அதிகம், தூரத்தில் இருந்தால் குறைவு. காரணம் ஒன்றுதான்: ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அந்த உருவம் சென்சாரின் மேல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான் கணக்கு.

வெளிச்சம் போதவில்லை, 1/500 வைக்கவே முடியவில்லை என்றால் தருணத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கிறது. குதிக்கிறவரும் உச்சியில் அப்படித்தான் நிற்கிறார், நடனக் கலைஞர் ஒரு அசைவை முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் ஒரு நிலையில் நிற்கிறார். கொஞ்ச நேரம் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த அசைவின் தாளம் பிடிபட்டுவிடும், அந்த இடைவெளியில் 1/200இல்கூடத் தெளிவான படம் கிடைக்கும். மேடை நிகழ்ச்சிகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்தப் பொறுமைதான், விலை கூடிய லென்ஸ் இல்லை.

ஃப்ளாஷ் இன்னொரு வழி. மிகக் குறைந்த பவரில் ஒரு ஸ்பீட்லைட்டின் (கேமரா மேல் மாட்டும் ஃப்ளாஷின்) ஒளி 1/10,000 நொடிக்கும் குறைவான நேரமே நீடிக்கும், சுற்றியிருக்கும் வெளிச்சம் குறைவாக இருந்தால் அந்தச் சின்ன வெட்டொளிதான் ஷட்டராக வேலை செய்யும். அதிவேகப் புகைப்படங்களுக்குப் பெயர்பெற்ற ஹெரால்ட் எட்ஜெர்ட்டன் ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கிக் குண்டை 1964இல் நிறுத்திக் காட்டியதும் ஷட்டரால் இல்லை, ஒளியால்தான்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் யோசிக்க நேரம் இருக்காது, அதனால் கேமராவிடம் ஒரு எல்லையைச் சொல்லி வைத்துவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளிக்கு ஏற்பக் கேமராவே உணர்திறனைக் கூட்டிக் குறைப்பது) மெனுவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு என்று ஒரு இடம் இருக்கும். அதில் 1/250 என்று வைத்துவிட்டால் அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா தேர்ந்தெடுக்கும் மோடு) எடுத்தாலும் கேமரா முதலில் ஐஎஸ்ஓவைத்தான் ஏற்றும், ஐஎஸ்ஓவின் உச்சவரம்பைத் தொட்ட பிறகே ஷட்டரைக் குறைக்கும். என் படங்களில் மங்கல் பாதியாகக் குறைந்தது இந்த ஒரு செட்டிங்கால். மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்களே வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவதும் நல்ல வழிதான், பழகிவிட்டால் அதுவே இன்னும் சுலபம்.

ஃபோகஸ் தவறினால்

இதுதான் அதிகம் நடக்கிறது, கண்டுபிடிப்பதும் இதுதான் சுலபம், ஏனென்றால் படத்தில் வேறு ஏதோ ஒன்று பெரும்பாலும் ஷார்ப்பாக இருக்கும். அது எது என்று பாருங்கள். முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெளிவாக இருந்தால் கேமரா தனக்கு அருகில் இருந்ததைப் பிடித்திருக்கிறது. பின்சுவர் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் புள்ளி ஆளின் தோளைத் தாண்டி விழுந்திருக்கிறது. காது தெளிவாக, கண் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் செய்த பிறகு அவரோ நீங்களோ சில சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறீர்கள்.

எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக அருகில் இருப்பதையும், கோடுகள் அழுத்தமாக இருப்பதையும்தான் அது பிடிக்கும். உங்களுக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள கேமராவில் மனிதர்களை எடுக்கும்போது தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள், அது வந்தபிறகு முகப்படங்களில் ஃபோகஸ் தவறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த வசதி இல்லாத கேமராவில் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கேமராவுக்கு அருகில் உள்ள கண் மேல் நகர்த்தி வையுங்கள்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பி எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தூரத்தில் இருப்பவருக்கும் சின்ன அப்பர்ச்சருக்கும் அது பரவாயில்லை. அருகில் நின்று எஃப்/1.8இல் அப்படிச் செய்தால் கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும் சேர்ந்து திரும்பி, கண்ணுக்குப் பின்னால் போய்விடும். சில சென்டிமீட்டர்தான், ஆனால் அங்கே இருப்பதே சில சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ லென்ஸ், எஃப்/1.8, ஆள் 2 மீட்டர் தூரத்தில். தெளிவாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 6 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரை அதைவிட அதிகம். அதே இடத்தில் எஃப்/4 வைத்தால் சுமார் 13 செ.மீ கிடைக்கும், முகம் முழுக்க வந்துவிடும், பின்னணியும் போதுமான அளவு கரைந்துதான் இருக்கும். எஃப்/1.8 லென்ஸ் வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் எஃப்/1.8இல் எடுக்க வேண்டியதில்லை. முகப்படங்களுக்கு எஃப்/2.8 நல்ல நடுவழி என்பது என் எண்ணம். இரண்டு வரிசையாக நிற்கும் குழுவுக்கு எஃப்/5.6 முதல் எஃப்/8, ஃபோகஸ் முன்வரிசையில் நிற்பவரின் முகத்தில்.

அசைகிறவர்களுக்குத் தொடர் ஃபோகஸ் வேண்டும். நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ. ஏஎஃப்-எஸ் அல்லது ஒன் ஷாட்டில் பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், உங்களை நோக்கி வரும் பிள்ளை அதற்குள் இரண்டு அடி முன்னால் வந்திருக்கும். நிற்பவரை எடுக்கும்போதும் நான் ஏஎஃப்-சியில்தான் வைத்திருக்கிறேன், எஃப்/2க்குக் கீழே போனால் நின்றிருப்பவரின் லேசான முன்பின் அசைவே படத்தைக் கெடுக்கப் போதும்.

பின்பட்டன் ஃபோகஸ் என்று ஒன்று உண்டு, ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்னால் கட்டைவிரல் படும் பட்டனுக்குக் கொடுத்துவிடுவது. முதல் இரண்டு நாள் குழப்பமாக இருக்கும், அப்புறம் விடவே மனம் வராது. அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பின்தொடரும், விட்டால் அங்கேயே நிற்கும், இரண்டு மோடுகளுக்கு நடுவே மாறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஃபோகஸ் புள்ளி சரியாகக் கண்ணில் இருந்தும் எப்போதும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்றால், அதுவும் டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால், அங்கே ஃபோகஸை அளக்கும் பகுதி சென்சாரிலிருந்து தனியாக இருப்பதால் லென்ஸுக்கும் உடலுக்கும் சின்ன ஒத்திசைவுக் கோளாறு இருக்கலாம். லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்த்து எடுக்கும் முறையில்) எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் மெனுவில் ஃபைன் டியூன் அல்லது மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலேயே ஃபோகஸைப் பார்ப்பதால் இந்தத் தொல்லை அவற்றில் அநேகமாக இல்லை.

கண்ணாடி, காற்று, ஈரம்

படம் மங்கலாக இருக்கிறது என்று யாராவது செல்பேசியைக் காட்டினால் நான் முதலில் செய்வது அதன் லென்ஸைத் துடைப்பதுதான். நாள் முழுக்கக் கையிலும் பையிலும் கிடக்கும் சாதனம், விரல் எண்ணெய் படியாமல் இருக்காது. விளக்குகளிலிருந்து நீளமான ஒளிக்கீற்று கிளம்பினாலே சந்தேகப்படுங்கள். மென்மையான மைக்ரோஃபைபர் துணி போதும், முதலில் ஊதித் தூசியை அகற்றிவிட்டுத் துடையுங்கள், மணல் துகளோடு துடைத்தால் கீறல் விழும். செல்பேசிக்கு இன்னொரு குறிப்பும் உண்டு: பெரிய சென்சார் உள்ள முதன்மைக் கேமராக்கள் மிக அருகில் ஃபோகஸ் ஆகாது. பூவை எடுக்க மூக்கு முட்டும் தூரத்துக்குப் போகாமல் கொஞ்சம் பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

கேமரா லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டர் மட்டமானதாக இருந்தால் அதுவும் மங்கலாக்கும், முக்கியமாக டெலிஃபோட்டோவில் (தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் லென்ஸில்). கழற்றிவிட்டு ஒரு படம், மாட்டி ஒரு படம், ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான வெளிக்கு வந்ததும் லென்ஸில் நீராவி படியும். துடைத்தால் மறுபடி படியும். வெளியே வருவதற்கு முன்பே கேமராவை மூடிய பையில் போட்டு, அந்தப் பையோடு வெளியே வைத்து, வெப்பநிலை சமமாகும்வரை பொறுத்திருந்து திறப்பதுதான் வழி. அப்படிப் பொறுமையாக இருப்பது லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் உதவும்.

எந்த லென்ஸாலும் வெல்ல முடியாதது ஒன்று உண்டு: கானல். நண்பகலில் சூடான தரைக்கு மேலே தூரத்துப் பறவையை 400, 600 மி.மீயில் எடுத்தால் நடுவில் இருக்கும் காற்று கொதிக்கிற நீர் போல நெளிகிறது. ஷட்டர் 1/4000 வைத்தாலும் இறகின் நுணுக்கம் வராது, தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாகக் குழைந்திருக்கும், அதுதான் அடையாளம். காலையில் சீக்கிரம் வருவதும், அருகில் போவதும் தவிர வேறு மருந்து கிடையாது. நீண்ட லென்ஸ் வாங்கினால் காற்றின் நீளம் குறையாது.

அப்பர்ச்சரை மூடினால் எல்லாம் ஷார்ப்பாகிவிடுமா

இல்லை. எஃப்/22 வைத்தால் முன்னிருந்து பின்வரை எல்லாம் தெளிவாக வரும் என்று நினைத்து எடுத்த இயற்கைக் காட்சிகள் லேசாகச் சோம்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்னத் துவாரம் வழியே போகும் ஒளி வளைந்து பரவும், ஒரு புள்ளி சின்ன வட்டமாகப் பதியும். எஃப்/16இல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 21 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ சுமார் 6 மைக்ரான்தான். ஃபுல்ஃபிரேமில் எஃப்/11, ஏபிஎஸ்-சியில் எஃப்/8, இவற்றைத் தாண்டும்போது காரணத்தோடு தாண்டுங்கள்.

அப்படியென்றால் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் 1932இல் எஃப்/64 என்றே தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்களே என்று கேட்கலாம். அவர்கள் பயன்படுத்தியவை 8x10 அங்குலம் வரையிலான பெரிய நெகட்டிவ்கள். அந்த அளவில் எஃப்/64 என்பது இன்றைய ஃபுல்ஃபிரேமில் சுமார் எஃப்/9க்குச் சமம், நெகட்டிவைப் பெரிதாக்கும் அளவும் குறைவு. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்கு உதவாது.

ஐஎஸ்ஓவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

மேலே சொன்ன எல்லாத் தீர்வும் கடைசியில் ஐஎஸ்ஓவில்தான் வந்து நிற்கும். ஷட்டர் வேகம் கூட வேண்டும், அப்பர்ச்சர் கொஞ்சம் மூட வேண்டும், வெளிச்சமோ அதேதான். 3200, 6400 என்று ஏற்றத்தான் வேண்டும். நாய்ஸ் வருமே என்று 800க்கு மேல் போகாமல் பிடிவாதமாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், அவர்கள் இழப்பது திரும்பி வராத தருணங்களை. நாய்ஸோடு வந்த தெளிவான முகத்தை மென்பொருளால் நன்றாகச் சீராக்கலாம், பிரின்டில் அது அநேகமாகத் தெரியவும் தெரியாது. இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. கணினியில் மங்கலை நீக்குகிறோம் என்று சொல்லும் புதிய மென்பொருள்கள் பல சமயம் அங்கே இல்லாத இமைகளையும் தோலையும் தாங்களே வரைந்து வைக்கின்றன, உங்களுக்குத் தெரிந்தவரின் முகம் கொஞ்சம் அந்நியமாகிவிடும்.

ஜேபெக்கில் எடுப்பவர்கள் கேமராவின் நாய்ஸ் ரிடக்‌ஷனை குறைந்த அளவில் வையுங்கள், அதிகமாக இருந்தால் நாய்ஸோடு நுணுக்கத்தையும் தேய்த்துவிடும். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில்) எடுத்தால் அந்த முடிவை நிதானமாகப் பிறகு எடுக்கலாம். ரா படம் இயல்பிலேயே கொஞ்சம் மென்மையாகத்தான் திறக்கும், அது குறை இல்லை. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஷார்ப்பனிங் பகுதியில் மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள், மேக் கணினியில் ஆப்ஷன் விசை. திரை கறுப்பு வெள்ளையாக மாறும், வெள்ளையாகத் தெரியும் இடங்களில்தான் ஷார்ப்பனிங் விழும். கண், முடி, உடையின் விளிம்பு மட்டும் வெள்ளையாக இருக்கும்வரை நகர்த்தி நிறுத்தினால் தோலும் வானமும் சொரசொரப்பாகாது.

லென்ஸ்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது

கேமராவை ட்ரைபாடில் வைத்து, அச்செழுத்து நிறைந்த காகிதத்தையோ செங்கல் சுவரையோ நேர் எதிரே, சென்சாருக்குச் சரியாக இணையாக அமைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100, லைவ் வியூவில் பெரிதாக்கி நடுவில் ஃபோகஸ், 2 நொடி டைமர். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒன்று, எஃப்/5.6இல் ஒன்று, எஃப்/8இல் ஒன்று. எஃப்/8இல் நடுப்பகுதி நறுக்கென்று இருந்தால் லென்ஸ் நலம், உங்கள் மங்கலுக்குக் காரணம் மேலே சொன்னவற்றில் எங்கோ இருக்கிறது. முழுதாகத் திறக்கும்போது மூலைகள் கொஞ்சம் மென்மையாக இருப்பது சாதாரணம். ஆனால் இடப்பக்கம் தெளிவு, வலப்பக்கம் மட்டும் மங்கல் என்று ஒருசாய்வாக இருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். மங்கல் படத்தின் அதே பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது, சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதுதான். பக்கம் மாறிவிட்டால் நீங்கள் வைத்த சுவரோ காகிதமோதான் சாய்ந்திருந்தது.

இந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொன்றைச் செய்யலாம், அதற்குக் கேமராவே தேவையில்லை. கடந்த சில மாதங்களில் மங்கலால் ஒதுக்கிவைத்த படங்களில் ஒரு 50ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஃபோல்டர்: கை ஆடியது, ஆள் அசைந்தது, ஃபோகஸ் தவறியது, மற்றவை. ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதத்தில் பார்த்து, அதன் எக்ஸிஃப் விவரத்தையும் (படத்தோடு பதிந்திருக்கும் ஷட்டர், அப்பர்ச்சர் போன்ற தகவல்) ஒரு பார்வை பார்த்து, உரிய ஃபோல்டரில் போடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனக்கு இரண்டாவது ஃபோல்டர்தான் நிரம்பி வழிந்தது. உங்களுக்கு எது நிரம்புகிறதோ, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்துவிட்டு, அடுத்த முறை கேமராவை எடுக்கும்போது அந்த ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.